பாறைப்பொடி விழுந்த டீ

போன வாரம் பாப்பா ஒரு கண்ணாடிக் கெட்டில் வரவழைத்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்து, தொட்டில் குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்தாள். நடுவில் சல்லடை போட்ட ஒரு குழாய். அதில் பச்சை இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் சாயம் இறங்குவது வெளியிலிருந்தே தெரியுமாம். தெரிந்தது. நானும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். இலை மெல்ல அவிழ்ந்தது. ஆனால் இலை அவிழ்வதற்கு முன்னால், வெறும் தண்ணீராக அது நின்ற ஒரு நொடி இருந்ததே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அத்தனை தெளிவு. உள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அப்பாவுக்குக் கெட்டில் பிடிக்கவில்லை என்று பாப்பா முகம் சுண்டிப்போனாள்.

கெட்டில் நல்ல கெட்டில்தான் கண்ணு. அப்பாவுக்கு வேறு ஒன்று நினைவு வந்துவிட்டது. வாயால் சொன்னால் பாதியிலேயே எழுந்து போய்விடுவேன். எட்டாவதோடு நின்றவன் என்றாலும் எழுத வருகிறது. அதனால் உனக்கும் தம்பிக்குமாகச் சேர்த்து எழுதி வைக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

டீ வைக்கும் ஏனங்கள், பாத்திரங்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கன். உங்கள் அம்மாவைக் கேட்டால், தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த நேரத்தைவிட டீப்போசியைப் பற்றி இந்த மனுசன் பேசிய நேரம்தான் அதிகம் என்பாள். மல்லசமுத்திரத்துப் பக்கம் நம் தோட்டத்து வீட்டில் ஒவ்வொரு டீக்கும் ஓர் ஏனம் வைத்திருந்தேன். பால் டீக்கு ஈயம் பூசிய பித்தளைப் போசி. வாய் அகலம், அதனால் பால் பொங்கினாலும் சட்டென்று வழியாது. பால் இல்லாத வர டீக்கு அலுமினியக் கெட்டில். சங்ககிரி லாரிப்பேட்டையில் டீக்கடை வைத்திருந்த மாமன் கடையை மூடியபோது கொடுத்தது. அதன் மூக்கு நசுங்கியிருந்ததால் டீ நேராக விழாது, டம்ளரை இடப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். தெரியாதவர்கள் வேட்டியில்தான் டீ குடித்தார்கள். காய்ச்சல், சளி என்றால் துளசியும் சுக்கும் போட்டு மண்சட்டியில் கொதிக்க வைப்போம். இரும்புச்சட்டியில் வைத்தால் இன்னும் கெட்டியாக வரும் என்று யாரோ சொல்ல, ஒருநாள் அதையும் செய்து பார்த்தேன். மை மாதிரி கறுத்துவிட்டது. பேனாவுக்கு ஊத்திக்கங்க என்றாள் உங்கம்மா.

ஏனத்துக்கு ஏனம் தண்ணீரும் வேறு. நம் பழைய போர்க்கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பால் ஊற்றினால் திரிந்துவிடும். அதனால் அது கெட்டிலுக்கு. பஞ்சாயத்துக் குழாயில் எப்போதாவது வரும் நல்ல தண்ணீர் பித்தளைப் போசிக்கு. டீ என்றால் இலை, பால், சர்க்கரை என்று நினைக்கிறோம். எங்களுக்கு டீ என்றால் முதலில் எந்தத் தண்ணீர் என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ந்த டீத்தூள் மேல் கொதிநீர் விழுந்ததும் ஒரு வாசம் எழும்பும். எல்லாருக்கும் அது டீ வாசம். எனக்கு மட்டும் அதனோடு டீசல் வாசமும் உடைந்த கல்லின் வாசமும் சேர்ந்தே வரும். இத்தனை வருடமாகியும் பிரியவில்லை. அது அந்த ஒருநாளில் ஒட்டிக்கொண்டது.

மழை பொய்த்துக்கொண்டே வந்த காலம் அது. கிணறு எப்போதோ வறண்டு, அடியில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. பழைய போர் காலையில் கொஞ்சம் இறைத்துவிட்டுக் காற்றைக் கக்கும். தென்னைதான் நமக்குச் சோறு போட்டது. ஒவ்வொரு மரமாக மட்டை தொங்கி, குருத்து வாடி, குரும்பை உதிர ஆரம்பித்தது. சாயங்காலமானால் எங்கய்யன், உங்கள் அப்பாரு, மரத்துக்கு மரம் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்ப்பது மாதிரி இருக்கும். ஒருநாள் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

"இன்னொரு போர் போட்டுப் பாக்கறது. அதுலயும் தண்ணி வல்லீன்னா வித்துப்போட்டுப் போயறலாம் சாமி. மரம் சாவறத என்னால பாத்துட்டு இருக்க முடியாது."

நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தார். எங்கும் படுத்தே கிடந்த தேங்காய், கிழக்கு எல்லையில் போய் எழுந்து நின்றது. அதை ஒட்டி அந்தப் பக்கம் செங்கோடன் சித்தப்பா தோட்டம். அய்யனுக்குப் பங்காளி, ஒன்றுவிட்ட தம்பி. ஒரு வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடம். என்னோடு மட்டும் பேசுவார், அதுவும் அய்யன் இல்லாதபோது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கொஞ்சமாவது தண்ணீர் வந்துகொண்டிருந்தது அவர் போரில்தான். விரல் கனத்துக்கு வரும். அதை வைத்துக் கொஞ்சம் மரவள்ளி, இரண்டு மாடு, வீடு என்று ஓட்டிக்கொண்டிருந்தார்.

துளை போடும் ரிக் வண்டி வருவதற்கே காத்துக் கிடந்தோம். எல்லாத் தோட்டத்திலும் அதே நிலைமை, அதனால் வண்டிக்குத் தட்டுப்பாடு. கடைசியில் ஒரு விடியற்காலை ரிக்கும், துளைக்குள் இறக்கும் இரும்பு ராடு ஏற்றிய லாரியும் நம் வண்டித்தடத்துக்குள் திரும்பின. எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கல்லை உடைக்கும் பிட் முனையை மண்ணில் இறக்கினார்கள்.

போர் ஓட்டும் இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. வேடிக்கை பார்க்க யார் வந்தாலும் டீ கொடுக்க வேண்டும். வேண்டாதவன் வந்தாலும் கொடுக்க வேண்டும். அங்கே "இல்லை" என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது. நாம் இல்லை என்றால் பூமியும் இல்லை என்றுவிடும் என்று ஒரு பயம். அதனால் உங்கம்மா வேப்பமரத்தடியில் கல் அடுப்புகள் கூட்டி, எல்லா ஏனத்தையும் இறக்கிவிட்டாள். நல்ல தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் டிரம் நிறையப் பிடித்து வைத்திருந்தோம். பாப்பா, நீ அந்த மரத்துக் கிளையில் தூளியில் கிடந்தாய். அத்தனை இரைச்சலிலும் தூங்கினாய்.

ரிக்கை ஓட்டும் டிரில்லர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள், பெயர் மணி. அவருக்குப் பித்தளைப் போசியில் கெட்டிப் பால் டீ. ராடு மாட்டுகிறவர்கள் ஜார்க்கண்டுக்காரர்கள். அவர்கள் எங்கள் டீயை வாங்கிக் குடித்துவிட்டு மரியாதைக்குச் சிரித்தார்கள். அப்புறம் அவர்களே ஒரு கரி பிடித்த தகர டப்பாவில் வர டீ வைத்து, அதில் உப்புப் போட்டுக் குடித்தார்கள். நானும் ஒரு வாய் கேட்டு வாங்கிக் குடித்தேன். வெயிலில் வேர்வை சிந்துகிறவனுக்கு அதுதான் சரி என்று தோன்றியது. எனக்கு ஏனக்கிறுக்கு அல்லவா, அந்த டப்பாவையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

டீ குடிக்காதவர் அய்யன் ஒருவர்தான். காலையில் கண் விழித்ததும் டீ இல்லாவிட்டால் யாரோடும் பேசாத மனிதர். அன்றைக்கு, தண்ணீர் வந்த பிறகுதான் டம்ளரைத் தொடுவேன் என்று சொல்லி, ரிக்குக்கு நேரே கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் செம்மண் வந்தது. அப்புறம் பாறை. பாறை வந்ததும் புகை கிளம்பியது. புகை என்றால் நெருப்புப் புகை இல்லை. பிட் கல்லை அரைக்க, கம்ப்ரசர் காற்று அந்தப் பொடியை மேலே வீசும். ஈரம் இல்லாத பாறையென்றால் வெள்ளை வெளேரென்று வானத்துக்குப் போகும். தென்னை மட்டை, எருமை முதுகு, அய்யனின் புருவம், உன் தூளி எல்லாம் வெளுத்தன. எத்தனை மூடினாலும் டீயில் பாறைப்பொடி ஏடு மாதிரி படிந்தது. ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தோம். பல்லில் நறநறத்தது. காலையில் கூட்டம் இருந்தது, கிண்டலும் இருந்தது. "ஏனுங்க, மாவு அரைக்கற மில்லு வெச்சுட்டீங்களாட்ட இருக்குது" என்று ஒருவர் அய்யனைச் சீண்டினார். அய்யனும் சிரித்தார்.

அறுநூறு அடி தாண்டியும் புகைதான். அப்புறம் யாரும் கிண்டல் பேசவில்லை. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் எல்லார் கண்ணும் புகையின் நிறத்தில் இருக்கும். கொஞ்சம் கறுத்தால் மூச்சை இழுத்துப் பிடிப்போம். மறுபடி வெளுக்கும். டீ குடித்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். துக்க வீட்டிலிருந்து அப்படித்தான் போவோம். டிரில்லர் மணி இரண்டு தடவை திரும்பி அய்யனைப் பார்த்தார். ஓட்டட்டுமா, நிறுத்தட்டுமா என்று அர்த்தம். அய்யன் கையை மட்டும் கீழே காட்டினார். இன்னும் போ. 

நடுப்பகல் தாண்டியதும் உங்கம்மா என்னை மரத்துக்குப் பின்னால் கூப்பிட்டு, டிரம்மில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றாள். அடுப்பை அணைத்துவிடலாமா என்று கேட்க வாயெடுத்து, அவளே வாயை மூடிக்கொண்டாள். பழைய போரில் காற்றுகூட வரவில்லை. பஞ்சாயத்துக் குழாய்க்கு அன்று முறை இல்லை. நான் பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு செங்கோடன் சித்தப்பா தோட்டத்துக்குப் போனேன். வேறு எங்கே போவது?

அவர் மோட்டார் ரூம் வாசலில் குத்தவைத்திருந்தார். நம் ரிக்கின் சத்தம் அங்கே இன்னும் பெரிதாகக் கேட்டது. என்னைப் பார்த்ததும் எத்தனை அடி என்றார். எண்ணூறைத் தொடுகிறது என்றேன்.

"பொகையா?"

"பொகைதானுங்க சித்தப்பா."

குடத்தைப் பார்த்தார். எழுந்து சுவிட்சைப் போட்டார். வீட்டுக்குள்ளிருந்து சின்னம்மா, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்கள்: "நல்லா ஊத்திக் குடுங்க. நம்ம தண்ணியக் குடிச்சுப்போட்டு நம்ம தண்ணியவே உறிஞ்சட்டும்." சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. குடம் நிரம்பும் வரைக்கும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உங்கய்யன் டீ குடிச்சானா என்று கேட்டார். தண்ணீர் வராமல் குடிக்கமாட்டேன் என்கிறார் என்றேன். "கெரகம் புடிச்சவன்" என்றார். குடத்தைத் தூக்கி என் தோளில் அவரே வைத்துவிட்டார்.

அந்தக் குடமும் தீர்ந்தது. வெயில் சாயும் நேரத்தில் இரண்டாவது முறை போனேன். அப்போது அவர் மாட்டைப் பிடித்துக் கட்டப் போயிருந்தார். நானே சுவிட்சைப் போட்டேன். குழாய் இரண்டு தடவை கொடகொடத்து, நின்று, அப்புறம் வந்தது. காற்று அடைத்திருக்கும் என்று நினைத்தேன். குடம் பச்சை நிறம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. தூக்கிக்கொண்டு வந்தேன்.

பாதித் தடத்தில் ரிக்கின் சத்தம் மாறியது. கரகரப்பு போய் மொத்தென்று ஆனது. தென்னைகளுக்கு மேலே நின்ற புகை திடீரென்று இல்லை. நான் குடத்தோடு ஓடினேன். துளையைச் சுற்றிச் சேறு தெறித்துக்கொண்டிருந்தது. அப்புறம் குபீரென்று தண்ணீர், சாம்பல் நிறத்தில், ஆள் உயரத்துக்கு. "கேப் உளுந்திருச்சுங்க" என்று மணி சொன்னார். பாறைக்குள் தண்ணீர் ஓடும் வெடிப்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். மிச்சமிருந்த நாலைந்து பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அய்யன் கட்டிலை விட்டு எழவில்லை. முகத்தில் அப்பியிருந்த வெள்ளைப் பொடியில் இரண்டு கோடு இறங்குவதைப் பார்த்தேன்.

முதல் டீ அவருக்குத்தான் என்று குடத்தை அடுப்படியில் இறக்கினேன். உங்கம்மா பித்தளைப் போசியில் சரித்தாள். சரித்தவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, இதுல நீங்க பாலு ஊத்துனீங்களா?"

இல்லையே என்றேன். அவள் விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் காட்டினாள். பாறைப்பொடி. நம் ரிக் அரைத்த அதே பொடி, சித்தப்பா வீட்டுத் தண்ணீரில். நாங்கள் புதிய ஊற்று எதையும் கண்டுபிடிக்கவில்லை, சாமிகளா. பாறைக்குள் அவர் போருக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த வழியைத்தான் உடைத்திருந்தோம். நம் துளையில் தண்ணீர் கிளம்பும் முன்பே கம்ப்ரசர் காற்று அந்த வழியாகப் பொடியை அங்கே தள்ளியிருக்கிறது.

எல்லையைத் தாண்டிச் சித்தப்பா வந்துகொண்டிருந்தார். வேகமாக வரவில்லை. மாட்டுக்கயிறு இன்னும் கையில் இருந்தது. அவரைப் பார்த்ததும் மணி எஞ்சினைத் தணித்தார். இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு, பக்கத்துத் தோட்டக்காரர் அந்த மாதிரி நடந்து வந்தால் அவர் போர் நின்றுவிட்டது என்று தெரியும். பகல் முழுக்க இரைந்த இடம் ஓய்ந்ததும், முதல்தடவையாக நீ தூளிக்குள் அழுதாய்.

சித்தப்பா தண்ணீரைப் பார்த்தார். அய்யனைப் பார்த்தார். அப்புறம் அடுப்புப் பக்கம் வந்து போசிக்குள் எட்டிப் பார்த்தார். உங்கம்மா அதை மறைக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. விளங்காமல் உட்கார்ந்திருந்த அய்யனுக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்திப்போடட்டுங்களா?" என்று மணி பொதுவாகக் கேட்டார்.

சித்தப்பாதான் பதில் சொன்னார். "நிறுத்துனா என்ற தண்ணி திரும்பி வருமா?"

"இல்லீங்க. வழி உட்டுப்போச்சு. இனி அக்கட்ட உங்க போருக்கு ஏறாதுங்க."

"அப்ப ஓட்டு. இன்னும் நாலு ராடு எறக்கு. வர்றது முழுசா வரட்டும்." பிறகு அடுப்பைப் பார்த்து, உங்கம்மாவிடம், "ஏம்மா நிக்கற? அதுலயே டீ வெய்யி" என்றார்.

அந்தத் தண்ணீரிலேயே டீ வைத்தாள். பால் ஊற்றாமலே வெளுத்த டீ. கொதித்து இறக்கினால் அடியில் மாவு மாதிரி படிந்தது. அய்யனுக்கும் சித்தப்பாவுக்கும் ஊற்றிக் கொடுத்தேன். கட்டிலின் இரண்டு முனையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குடித்தார்கள். அய்யன் பாதி குடித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே, அத்தனை வருடத்துக்கு அப்புறம் தம்பியிடம் முதல் வார்த்தை பேசினார்.

"செங்கோடா. ஆளுக்கொரு நாளு முறை வெச்சுக்கலாம்."

சித்தப்பா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். சின்னம்மா மட்டும் எல்லையைத் தாண்டி வரவில்லை. அவர்கள் வீட்டுத் திசையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

முறை வைத்துக்கொண்டோம். ஒருநாள் அவர் வயலுக்கு, ஒருநாள் நம் மரங்களுக்கு. ஒரு வீட்டுக்குப் போதாத தண்ணீர் இரண்டு வீட்டுக்கு எப்படிப் போதும்? எந்த மரத்துக்கு விடுவது, எந்த மரத்தைக் கைவிடுவது என்று அய்யன் தினமும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கைவிட்ட வரிசைப் பக்கம் அவர் போகவே மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். சித்தப்பா அவர் முறை நாளில் மோட்டார் போட வருவார், வந்தால் உட்காருவார். பகையாக இருந்த இரண்டு பேரும் அந்தக் கொஞ்ச காலம்தான் வாய் ஓயாமல் பேசினார்கள். சின்ன வயதில் சேர்ந்து அடித்த ஓணானிலிருந்து எல்லாம் வந்தது. பக்கத்தில் குழாயில் தண்ணீர் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அடுத்த கோடையில் அந்தப் போரும் காற்றைக் கக்கியது. மோட்டாரைப் போட்டுவிட்டு, குழாய் வாயில் கையை வைத்துக்கொண்டு அய்யன் நின்றதைப் பார்த்தேன். சூடான காற்று மட்டும் வந்தது. முதலில் சித்தப்பா குடும்பம் திருப்பூருக்குப் போனது, பையன் பனியன் கம்பெனியில் இருந்த இடத்துக்கு. மாடுகளை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனவனிடம், பருத்திக்கொட்டை வைத்தால் சிவப்பிதான் முதலில் வருவாள், கறுப்பியைத் தனியாகக் கட்டுங்கள் என்று சின்னம்மா தடம் திரும்பும் வரை சொல்லிக்கொண்டே போனார்கள். அப்புறம் நாம். தம்பி, நீ பிறந்தது சங்ககிரி வாடகை வீட்டில்தான். தோட்டத்தை நீ பார்த்ததே இல்லை. மரங்களைச் செங்கல் சூளைக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே வெள்ளை அடித்த கல் நட்டு மனை பிரித்துப் போட்டிருக்கிறார்கள். போர்க்குழாயின் வாயைச் சிமெண்டு போட்டு மூடிவிட்டார்கள். சித்தப்பா திருப்பூரிலேயே இறந்துபோனார். அய்யன் அதைக் கேட்டு அழவில்லை. அன்றைக்கு முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சங்ககிரிக்கு வந்தபிறகு அய்யனிடம் ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. டீ கொடுத்தால் உடனே குடிக்கமாட்டார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இது ஆரு ஊட்டுத் தண்ணி சாமி?" என்று கேட்பார். கேன் தண்ணீருங்க என்போம். கேனுக்கு எங்கிருந்து வருகிறது என்பார். கம்பெனியில் எடுக்கிறார்கள் என்போம். கம்பெனிக்கு எங்கிருந்து என்பார். ஏதோ ஒரு போரில் எடுப்பார்கள் என்று சொன்னால், அதற்குப் பக்கத்தில் யார் தோட்டம் என்பார். பிறகு ஆறிப்போன டீயைக் குடிப்பார். பெரியவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

அவரும் போய்விட்டார். இப்போது வாரத்துக்கு இரண்டு கேன் வருகிறது. கொண்டுவருகிறவர் வாசலில் வைத்துவிட்டு, காலிங்பெல்லை அடித்துவிட்டுப் போய்விடுகிறார். நான் எடுத்து உள்ளே வைக்கிறேன். அது யார் வீட்டுத் தண்ணீர் என்று இந்த வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை.